கையெழுத்துக்கு முன் சொல்லின் பொருள்

நம் கிராமங்களுக்கு வரும் காகிதங்களில் ஆங்கிலச் சொற்கள் இன்னும் மிகுதியாக இருக்கின்றன. 1956-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டத்தின்படி தமிழ் நம் மாநிலத்தின் ஆட்சிமொழி ஆயிற்று. அரசாங்க அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் தமிழிலேயே அமைகின்றன. ஆயினும், பாங்கியில் கையெழுத்திடும் கடன் பத்திரம், டிராக்டரின் பதிவுச் சான்று, பயிர்க் காப்பீட்டு விதிகள், வேலைகளுக்கான டெண்டர் நிபந்தனைகள் ஆகியவற்றை விட்டு ஆங்கிலம் நீங்கவில்லை. தமிழில் அச்சான படிவத்திலும் நடுநடுவே ஓர் ஆங்கிலச் சொல், நெல்லில் கல்லைப் போலக் கிடக்கிறது. கல்லூரியில் பயிலும் பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொன்னால், அவன் தடையின்றிப் படித்துவிடுகிறான். பொருள் என்னவென்று கேட்டால் தயங்குகிறான். அவன்மேல் குற்றமில்லை. அச்சொற்கள் பாடப் புத்தகத்தில் வருவன அல்ல. கடனிலும் நிலத்திலும் கணக்கிலும் வருவன.

"படித்தவர்களுக்கே விளங்காத சொற்கள் நமக்கு எங்கே விளங்கப் போகின்றன?" என்று விவசாயப் பெருமக்கள் பலர் கேட்கின்றனர். இதற்கு விடை அவர்கள் வாயிலேயே இருக்கிறது. வசூல், ஜப்தி, ஜாமீன், ரசீது, தாசில்தார், ஜமாபந்தி ஆகிய சொற்களை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். இவை தமிழில் பிறந்தவை அல்ல. அரபு, பாரசீக மொழிகளிலிருந்து, பண்டைய ஆட்சிகளின் வரித் தண்டல் வழியாக நம்மிடம் வந்தவை. நம் பாட்டனார்கள் எந்தப் பள்ளியிலும் பாரசீகம் படித்தவர்கள் அல்லர். ஆனால் ஜப்தி என்றால் என்னவென்று அறியாத குடியானவர் எவரேனும் உண்டா? வாசலில் நின்ற மாட்டை ஆட்கள் ஓட்டிச் சென்ற அன்று அந்தச் சொல்லின் பொருள் விளங்கிவிட்டது. அந்த முறையில் கற்பதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது என்பதுதான் குறை. இன்று வரும் ஆங்கிலச் சொற்களையும் நாம் நிச்சயமாகக் கற்றுக்கொண்டுவிடுவோம். கையெழுத்திடுமுன் கற்கிறோமா, பின் கற்கிறோமா என்பதே கேள்வி.

எங்களுள் ஒருவரின் தகப்பனாருக்கு நேர்ந்ததை இங்கே கூறலாம். அண்டை வயற்காரர் ஆயில் எஞ்சினுக்குக் கடன் வாங்கியபோது இவரும் உடன் சென்றார். "ஷ்யூரிட்டி கையெழுத்து ஒன்று வேண்டும்" என்று அங்கிருந்தவர் கூறினார். இவர் அதனைச் சாட்சிக் கையெழுத்து என்று எண்ணிக்கொண்டு போட்டார். நல்ல மனிதர், கடனைக் கட்டக்கூடியவர் என்று உறுதி கூறுவதாகவே அவர் நினைப்பு. சில ஆண்டுகள் சென்றபின் இவர் பெயருக்கே நோட்டீசு வந்தது. அசலும் வட்டியுமாகக் கட்டுவதற்கு ஒரு ஜோடி காளைகளை விற்க நேர்ந்தது. பிற்காலத்தில் அவர் சொன்னது எங்கள் நினைவில் நிற்கிறது. "தெரிந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன், அவன் எனக்கு வேண்டியவன். ஆனால் எவ்வளவு தொகைக்கு என்று கேட்டிருப்பேன்" என்றார்.

சாட்சி வேறு, ஷ்யூரிட்டி வேறு. பத்திரத்தில் இன்னார் கையெழுத்திட்டதை நான் கண்டேன் என்பவர் சாட்சி. கடனுக்கு அவர் பொறுப்பல்லர். கடன்பட்டவர் கட்டத் தவறினால் நான் கட்டுவேன் என்று வாக்களிப்பவர் ஷ்யூரிட்டி. காரண்டர் என்று எழுதினாலும் அவரே. தமிழில் பிணையாளர் என்றும், ஜாமீன்தார் என்றும் கூறுகிறோம். இவ்வளவு வரை பலரும் அறிவர். அறியாதது இதற்கு அடுத்த சொல். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, பிணையாளரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்போடு 'கோ-எக்ஸ்டென்ஸிவ்' ஆகும் என்று கூறுகிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி இதுவே விதி.

'எக்ஸ்டெண்டு' என்றால் பரவுதல், நீளுதல். 'கோ' என்பது உடன் என்னும் பொருளுடைய முன்னொட்டு. ஆக, உடன் பரவியது, ஒரே அளவு நீண்டது என்பது பொருள். ஒரு வரப்பின் இருபுறமும் இரண்டு வயல்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று எவ்வளவு தூரம் போகிறதோ மற்றதும் அவ்வளவு தூரமே போகிறது. ஒரு முழம் கூடுதலுமில்லை, குறைவுமில்லை. கடன்பட்டவர் ஓர் இலட்சம் ரூபாயும் அதன் வட்டியும் தர வேண்டியிருந்தால், பிணை நின்றவரும் அவ்வளவுக்கும் பொறுப்பு. பாதிக்கு மட்டும் என்பதில்லை.

இதில் இன்னொன்று அடங்கியிருக்கிறது. "முதலில் அவனிடம் கேளுங்கள், அவனிடம் பெயராவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று பிணையாளர் கூற முடியுமா? முடியும் என்றே பெரும்பாலோர் நம்பியிருக்கின்றனர். பாங்க் ஆப் பீகார் தொடுத்த வழக்கு ஒன்றில் 1968-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. கடன்பட்டவரிடம் எல்லா வழிகளையும் முயன்று பார்த்த பின்னரே பிணையாளரிடம் வரவேண்டும் என்று கீழ் நீதிமன்றம் விதித்திருந்த கட்டளையை அது நீக்கியது. இரண்டு வயல்களுள் எதன் மடையை முதலில் திறப்பது என்பது கடன் கொடுத்தவரின் விருப்பம்.

இப்படிச் சொல்வதனால் எவரும் எவருக்கும் பிணை நிற்கலாகாது என்று நாம் கூறுவதாகக் கொள்ளற்க. பிணை இல்லாமல் கிராமத்தில் பல நல்ல காரியங்கள் நடைபெறா. சட்டமும் பிணையாளரைக் கைவிட்டுவிடவில்லை. கடனைத் தீர்த்த பிணையாளருக்கு, கடன் கொடுத்தவர் கடன்பட்டவர்மீது கொண்டிருந்த உரிமைகள் யாவும் வந்து சேரும். கட்டிய தொகையை அவரிடமிருந்து கேட்டு வாங்கலாம். பிணையாளருடைய சம்மதமின்றிக் கடன் நிபந்தனைகளை மாற்றினால், அம்மாற்றத்திற்குப் பின் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பல்லர்.

'கண்டினியூயிங் காரண்டி' என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் மட்டும் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒரே கடனுக்கு அன்றி, தொடர்ந்து நடக்கும் கணக்கு முழுவதற்கும் நிற்கும் பிணை அது. மளிகைக் கடைக்காரரிடம், "இந்தப் பையன் கணக்கில் எது வாங்கினாலும் நான் பொறுப்பு" என்று சொல்லி வைக்கிறோமே, அதுதான் கண்டினியூயிங் காரண்டி. "அடுத்த மாதம் முதல் நான் பொறுப்பில்லை" என்று கடைக்காரருக்குத் தெரிவித்துவிடலாம். ஆனால் இந்த மாதம் வரை வாங்கியதற்கு நாம் கொடுத்தே தீரவேண்டும். சட்டமும் இவ்வாறே கூறுகிறது.

இதுவரை நாம் செய்தது என்ன? சொல்லுக்கு நேரான ஒரு தமிழ்ச் சொல்லை அகராதியில் தேடி அத்தோடு நிற்கவில்லை. அதன் வரையறையைக் கேட்டோம். யார், யாருக்கு, எதை, எப்போது கொடுக்க வேண்டும் என்று பார்த்தோம். பிறகு அதனை வயலிலும் கடையிலும் வைத்துப் பார்த்தோம். அகராதியில் ஒற்றைச் சொல்லைத் தேடி நிற்பதனால் சில வேளை தீங்கும் நேரும் என்பதற்கு அடுத்த மூன்று சொற்களே சான்று.

பிளெட்ஜ், ஹைபாதிகேஷன், மார்ட்கேஜ் ஆகிய மூன்றையும் நாம் அடமானம் என்றே சொல்லிவிடுகிறோம். பாங்கிக்கு இவை மூன்றும் வெவ்வேறு. பொருள் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் வேறுபாடு உடனே புலப்படும். நகையைக் கொண்டுபோய்ப் பாங்கியில் வைத்துக் கடன் வாங்கினால், நகை அவர்கள் பெட்டியில் இருக்கிறது, அது பிளெட்ஜ். கடனுக்கு வாங்கிய டிராக்டர் நம் களத்தில் நிற்கிறது, நாமே ஓட்டுகிறோம், ஆனால் பாங்கிக்கு அதன்மேல் உரிமை உண்டு, அது ஹைபாதிகேஷன். பயிர்க் கடனுக்கு நிற்கும் பயிரை ஈடாக எழுதிக் கொடுப்பதும் இவ்வகையே. நிலம், வீடு முதலிய அசையாச் சொத்தின் உரிமையைக் கடனுக்கு ஈடாக எழுதுவது மார்ட்கேஜ். ஹைபாதிகேஷனில் பொருள் நம் கையில் இருப்பதனாலேயே அதனை விற்கும் உரிமையும் நமக்கு உண்டென்று சிலர் எண்ணி இடர்ப்படுகின்றனர். டிராக்டர் கடன் தீர்ந்த பின்னரும் பதிவுச் சான்றில் அச்சொல் தானாக மறைந்துவிடாது. பாங்கியின் தடையில்லாச் சான்றும், 35-ஆம் எண் படிவமும் பெற்று, போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து நீக்க வேண்டும். அவ்வாறு நீக்காமல், வண்டியை விற்கும் நாளில் அலைபவர்கள் பலர்.

மார்ட்கேஜில் ஒரு வகைக்கு 'யூஸுப்ரக்சுவரி மார்ட்கேஜ்' என்று பெயர். கேட்டாலே நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் சொற்கள் யாவற்றிலும் நம்மவர்க்கு மிகப் பழக்கமான பொருள் இதுதான். 'யூஸுஸ்' என்பது இலத்தீன் மொழியில் பயன். 'ப்ரக்டுஸ்' என்பது பலன். கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் வசம் எடுத்துக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக விளைச்சலை அனுபவிப்பது. அதாவது ஒத்தி, சில ஜில்லாக்களில் போக்கியம். தலைமுறை தலைமுறையாக ஒத்தி வைத்தும் மீட்டும் வருகின்ற ஊரில், அச்சொல்லைக் கண்டு அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? சொல் பெரிதாயிருப்பதனால் பொருளும் அரிதாயிருக்கும் என்று எண்ணுவது வீண்.

நிலம் வாங்குகிறவர்கள் கேட்டுப் பெறும் சான்று 'என்கம்பரன்ஸ் சர்டிபிகேட்'. இதனை வில்லங்கச் சான்றிதழ் என்கிறோம். 'என்கம்பர்' என்றால் சுமை ஏற்றி நடைக்குத் தடை செய்தல். வேலி தாண்டும் மாட்டின் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிடுகிறோம் அல்லவா? மாடு நம்முடையதுதான், மேயவும் மேய்கிறது, ஆனால் விருப்பப்படி ஓட முடிவதில்லை. நிலத்தின் கழுத்தில் அவ்வாறு தொங்கும் கட்டையே என்கம்பரன்ஸ். அச்சான்றில் 'நில்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், நம் தமிழில் நிற்கச் சொல்வதாகக் கருதி நின்றுவிட வேண்டா. இல்லை என்பதே அதன் பொருள். எனினும், அதனைக் கண்டு முழுதும் நிம்மதி கொள்வதும் தவறு. பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரங்களை மட்டுமே அச்சான்று காட்டும். வாய்ப்பேச்சான குத்தகை, பதியாத ஒப்பந்தம், அண்ணன் தம்பிகளுக்குள் தீராத பாகத் தகராறு ஆகியவை அதில் தோன்றா. அவற்றை ஊரில்தான் விசாரிக்க வேண்டும். மார்ட்கேஜ் கடன் தீர்ந்தவுடன் ரசீதுப் பத்திரத்தைப் பதிவு செய்யாவிட்டாலும், கழற்றிய கட்டை சான்றில் தொங்கிக்கொண்டேயிருக்கும்.

இனிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு உரிய சில சொற்கள். 'கோரம்' என்பதைக் கிராம சபை நடக்கும் நாட்களில் அனைவரும் கேட்கின்றனர். இலத்தீன் மொழியில் 'எவர்களுள்' என்பது அதன் நேர்ப்பொருள். கூட்டம் செல்லுபடியாவதற்கு வந்திருக்க வேண்டிய மிகக் குறைந்த எண்ணிக்கையே கோரம். இதனைப் பெரும்பான்மை என்று மயங்குவோர் உண்டு. பெரும்பான்மை என்பது வந்தவர்களுள் தீர்மானத்தை ஆதரிப்பவர் தொகையைப் பற்றியது. கோரம் அதற்கு முந்தியது. தேர் எந்தத் தெருவழியே போவது என்று பேசுமுன் வடம் பிடிக்க ஆள் சேர்ந்ததா என்று பார்ப்பது போல. தமிழ்நாட்டு விதிகளின்படி, 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் கிராம சபைக்கு வந்திருக்க வேண்டும். வீடு வீடாக நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையை நிரப்பும் வழக்கம் சில இடங்களில் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அது கோரம் ஆகாது. சபையில் உட்கார்ந்தவர் தொகைதான் கோரம்.

'ராட்டிபிகேஷன்' என்பது முன்னரே செய்துவிட்ட காரியத்திற்குப் பின்னர் ஒப்புதல் தருவது. தகப்பனாரைக் கேளாமல் மூத்த மகன் சந்தையில் ஒரு பசுவை வாங்கி வந்துவிட்டான். தகப்பனார் பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து, "சரி, கட்டு" என்கிறார். அதுவே ராட்டிபிகேஷன். கோடையில் குடிநீர் மோட்டார் எரிந்துபோனால், கூட்டம் கூடும் வரை ஊர் தாகத்தோடு இருக்க முடியாது. தலைவர் உடனே பழுது பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்முன் வைக்கிறார். அப்போது கையுயர்த்தும் அங்கத்தினர் ஒன்றை உணர வேண்டும். 'அப்ரூவல்' என்றால் இனிமேல் செய்யலாமா என்ற கேள்விக்கு விடை. 'ராட்டிபிகேஷன்' என்றால் செய்ததை நாமும் செய்ததாக ஏற்றுக்கொள்வது. பல்லைப் பார்க்கும் உரிமை, அதாவது ரசீதுகளையும் அளவையும் பார்க்கும் உரிமை, அவருக்கு உண்டு.

டெண்டர் என்ற சொல்லை அறியாத ஊர் இன்று இல்லை. இளநீரை ஆங்கிலத்தில் குறிக்கும்போதும் 'டெண்டர்' என்றே சொல்வர். அங்கே இளசு என்பது பொருள், இங்கே விலை குறித்து எழுதிக்கொடுக்கும் முன்வருகை. ஒரே ஒலி, இரண்டு பொருள். நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். டெண்டரோடு கட்டும் 'எர்னஸ்ட் மணி' என்பதற்கு நம்மிடம் இயல்பாகவே ஒரு சொல் உண்டு: அச்சாரம். விளையாட்டாக வரவில்லை, வேலையை எடுக்கும் எண்ணத்தோடு வந்திருக்கிறேன் என்பதற்கு அடையாளமாகக் கட்டும் தொகை அது. வேலை கிடைத்தும் எடுக்காமல் பின்வாங்கினால் அச்சாரம் போவது சந்தையிலும் வழக்கம், டெண்டரிலும் வழக்கம்.

'லாப்ஸ்' என்பதை மார்ச்சு மாதத்தில் அதிகம் கேட்கலாம். "தொகை லாப்ஸாகிவிட்டது" என்கின்றனர். தொகையை யாரோ எடுத்துக்கொண்டுவிட்டதாக ஊரில் பேச்சு எழுகிறது. உண்மை வேறு. முறைத் தண்ணீர்ப் பாசனத்தில் நம் முறை இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை என்று வைத்துக்கொள்வோம். நாம் உறங்கிவிட்டோம், மடை திறக்கவில்லை. காலையில் சென்று, "என் நான்கு மணி நேரத்துத் தண்ணீர் எங்கே?" என்று கேட்க முடியுமா? அது வாய்க்காலோடு போயிற்று. நிதி ஆண்டு மார்ச்சு 31-ஆம் தேதியோடு முடிகிறது. அந்த ஆண்டுக்கென்று ஒதுக்கிய தொகையை அதற்குள் செலவிடாவிட்டால், செலவிடும் அதிகாரம் காலாவதியாகிறது. அதனால்தான் சித்திரையில் அல்லது வைகாசியிலேயே வேலைக்குரிய மதிப்பீட்டைத் தயாரிக்கக் கேட்பது அறிவுடைமை. மாசி மாதத்தில் ஓடுவது வீண்.

பயிர்க் காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஏனெனில் இதில்தான் சொல்லின் பொருளறியாமையால் எழும் மனக்கசப்பு மிகுதி. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளில் 'த்ரெஷோல்டு ஈல்டு' என்று ஒன்று வருகிறது. 'ஈல்டு' விளைச்சல். 'த்ரெஷோல்டு' என்றால் நம் வீட்டு வாசலில் கதவு நிற்கிறதே, அந்த நிலைப்படி. நிலைப்படிக்கு மேல் இருக்கும் வரை இழப்பீடு இல்லை. அதற்குக் கீழே விளைச்சல் இறங்கினால்தான் இழப்பீடு தொடங்கும்.

நிலைப்படி எவ்வளவு உயரம் என்பது எவ்வாறு குறிக்கப்படுகிறது? கடந்த ஏழு ஆண்டுகளுள் மிகுந்த விளைச்சல் கண்ட ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதனை 'இண்டெம்னிடி லெவல்' என்னும் விகிதத்தால் குறைக்கின்றனர். இவ்விகிதம் நூற்றுக்கு 70, 80, அல்லது 90. சராசரி ஏக்கருக்கு 2,000 கிலோ என்றும், விகிதம் 80 என்றும் கொண்டால், நிலைப்படி 1,600 கிலோ. இவ்வாண்டு விளைச்சல் 1,200 கிலோ என்று கணக்காயிற்று. குறைவு 400 கிலோ. 1,600-க்கு 400 நான்கில் ஒன்று. ஆகவே காப்பீடு செய்த தொகையில் நான்கில் ஒரு பங்கு கிடைக்கும். விளைச்சல் 1,650 கிலோ என்றால், சராசரியிலிருந்து 350 கிலோ குறைந்திருந்தும், நிலைப்படிக்கு மேல் நிற்பதனால் ஒன்றும் கிடைக்காது.

இதைவிட ஏமாற்றும் சொல் 'ஆக்சுவல் ஈல்டு'. அகராதி இதற்கு உண்மையான விளைச்சல் என்று பொருள் தரும். "என் வயலில் உண்மையாக விளைந்தது எனக்குத்தானே தெரியும்? ஒரு மூட்டையும் தேறவில்லையே!" என்று விவசாயி கேட்கிறார். அவர் கூறுவது பொய்யன்று. ஆனால் விதிகளில் அச்சொல்லுக்குத் தனி வரையறை உண்டு. காப்பீட்டு அலகாக அறிவிக்கப்பெற்ற பகுதி முழுவதிலும், குறித்த வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்திக் கண்ட சராசரி விளைச்சலே 'ஆக்சுவல் ஈல்டு'. நெல்லுக்கு நம் மாநிலத்தில் அந்த அலகு வருவாய்க் கிராமம். ஊர் முழுவதும் ஓரளவு விளைந்து, நம் வயல் மட்டும் அழிந்தால், அக்கணக்கில் நமக்கு ஒன்றும் வராமற்போகலாம். இது நியாயமா என்பது வேறு கேள்வி; அலகு இன்னும் சிறிதாக இருத்தல் நலம் என்பது நம் கருத்து. ஆனால் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளில் வயலோரம் சென்று நின்று பார்க்க வேண்டியது ஏன் என்பது, இவ்வரையறையை அறிந்தவர்க்கே விளங்கும். நீண்ட பத்திரங்களின் தொடக்கத்தில் 'டெபினிஷன்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். பலர் அதனைத் தள்ளிவிட்டு மேலே படிக்கின்றனர். முதலில் படிக்க வேண்டிய பகுதி அதுவே. ஏனெனில் ஊரில் வழங்கும் பொருள் ஒன்றாகவும், அந்தப் பத்திரத்துக்குள் வழங்கும் பொருள் வேறாகவும் இருக்கலாம்.

பெரிய சொற்களைப் பற்றியே பேசிவிட்டோம். சிறிய சொற்கள் செய்யும் வேலையும் சிறிதன்று. 'ஷல்' என்று ஒன்று, 'மே' என்று ஒன்று. "மருமகன் இன்று வருவார்" என்று சொல்லியனுப்பினால் வீட்டில் உலை வைத்துவிடுவார்கள். "வரலாம்" என்று சொல்லியனுப்பினால் அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு வழியைப் பார்ப்பார்கள். ஷல் என்பது முன்னது, மே என்பது பின்னது. 'ஷல் பே' என்றால் கொடுத்தே தீரவேண்டும். 'மே பே' என்றால் கொடுக்கலாம், கொடாமலும் இருக்கலாம். நமக்கு வரவேண்டிய இடத்தில் மே என்றும், நாம் தரவேண்டிய இடத்தில் ஷல் என்றும் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது பழுதாகாது. அவ்வாறே 'சப்ஜெக்ட் டு' என்னும் தொடர். 'உட்பட்டு' என்பது பொருள். "தீபாவளிக்குப் புதுப்புடவை உண்டு, ஆனால் கரும்புப் பணம் வந்தால்" என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த 'ஆனால்' தான் 'சப்ஜெக்ட் டு'. ஒரு வேலைக்கு அனுமதி வந்துவிட்டது என்று ஊரில் பறையறைவதற்கு முன், கடிதத்தின் கடைசி வரியில் இத்தொடர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கடன் வாங்குவோருக்கு அண்மையில் ஒரு வசதி ஏற்பட்டிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதல், தனி நபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் வழங்கும் தவணைக் கடன்களுக்கு, 'கீ பாக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்' என்னும் விவரத்தாளைக் கடன்பட்டவருக்கு விளங்கும் மொழியில் தரவேண்டும் என்றும், அதனை விளக்கிச் சொல்லி ஒப்புகை பெறவேண்டும் என்றும் ரிசர்வ் பாங்கி கட்டளையிட்டிருக்கிறது. வட்டியும் மற்றச் செலவுகளும் சேர்ந்து ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்பது அதில் இருக்கும். "எனக்குத் தமிழில் வேண்டும்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டா.

பஞ்சாயத்து நூலகத்தில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை இதற்கென்று வைத்துவிடலாம். ஊருக்கு எந்தக் காகிதத்தில் எந்தப் புதிய சொல் வந்தாலும், கேட்ட ஒலியிலேயே தமிழ் எழுத்தில் அதனை எழுதுக. எந்தக் காகிதத்தில் வந்தது என்று குறிக்க. யார், யாருக்கு, எதை, எப்போது என்ற கேள்விகளைப் பாங்கி மேலாளரிடமோ, ஊராட்சிச் செயலரிடமோ, வேளாண்மை அலுவலரிடமோ கேட்டு, விடையைத் தம் சொந்த வாக்கியத்தில் எழுதுக. பிறகு அவரவர் வீட்டிலிருந்தோ வயலிலிருந்தோ ஓர் உதாரணம் சேர்க்க. உதாரணம் அகப்படவில்லை என்றால், சொல் இன்னும் விளங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். மறுபடியும் கேட்க வேண்டியதுதான். பெண்கள் சுய உதவிக் குழுக்களில் கணக்கெழுதும் சகோதரிகள் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவர்கள். அவர்கள் ஏற்கெனவே இத்தகைய சொற்கள் பலவற்றோடு மாதந்தோறும் பழகி வருகின்றனர்.

முதற் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு சொல்லை நாமே குறித்துத் தருகிறோம்: 'ஓவர்டியூ'. தவணை நாள் கடந்தது என்பது இதன் பொருள். பாங்கிகளின் கணக்கில், குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன் இரண்டு பயிர்ப் பருவங்கள் ஓவர்டியூவாக நின்றால் வாராக் கடன் வரிசையில் சேர்ந்துவிடுகிறது. நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவமே கெடு. தங்கள் பயிர் எந்த வகையில் எழுதப்பட்டிருக்கிறது, தவணை நாள் எது என்பதை வாசகர்கள் அடுத்த முறை பாங்கிக்குச் செல்லும்போது கேட்டு, விடையை அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.